சுவரில் ஏறிய கை

நேற்று இருமல் மருந்து வாங்கப் பெரியகடைப் பக்கம் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு ஏதோ கலவை ஊற்றினார்கள். குளோரோபோம் கலந்த அந்த இனிப்பு மணம் எழுந்தது. வந்த காரியத்தைச் சொல்ல மறந்து, உம்மை நினைத்தபடி நின்றுவிட்டேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காக உமது இடது மார்பை எடுத்து, நாம் அரியாலை வீட்டுக்குத் திரும்பியிருந்த நாட்கள் அவை. காயம் ஆறிக்கொண்டிருந்தது. கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. நாள்தோறும் சுவரில் விரல்களை ஏற்றிப் பழக்காவிட்டால் தோள் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். நோவுக்கு, அதே இனிப்பு மணம் வீசும் மோர்பியா கலந்த மருந்தும் தந்திருந்தார்.

உம்மைப் பார்க்க வந்து தங்கிய உமது அக்கா அந்தப் போத்தலை அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உது அபினடி. பழகினால் விடாது. பிள்ளை பெத்தனி, உந்த நோவைத் தாங்கமாட்டியே?"

பொறுக்க முடியாமல் நீர் முனகும்போது மட்டும் ஒரு மிடறு கிடைக்கும். குடித்ததும் தூங்கிப்போவீர். விழித்தால் மறுபடி நோவு. சுவர்ப் பக்கம் போக நேரமே வாய்க்கவில்லை. டாக்டரம்மா சொன்னதிலும் அக்கா சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை உமக்குக் கொண்டை முடிய அக்கா சீப்போடு வந்தார். நீர் சீப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்.

"இஞ்சாருங்கோ, நோவு முத்தினாப் பிறகு குடிச்சு நித்திரை கொண்டு என்ன வரப்போகுது? கையைத் தூக்க முன்னம் எனக்கு மருந்து வேணும். அப்பிடிக் குடிக்கலாமோ எண்டு டொக்டரம்மாவிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

"நான் போய்க் கேட்டால் அவ என்ன நினைப்பா?"

"நீங்கள் கேக்கிறியள் எண்டு நினைப்பா."

வண்டிலில் போகும்போது சொல்லவேண்டியதை முதலில் இங்கிலீசிலும் பிறகு தமிழிலும் ஒழுங்குபடுத்தினேன். அங்கே எல்லாம் குழம்பிவிட்டது. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். நோவை முந்திக்கொண்டு கொடுப்பதுதான் முறை என்றார். அளவைக் குறைத்து எழுதித் தந்தார். கை பழகப் பழக நிறுத்திவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து அக்காவின் முன் நின்று அதை அப்படியே சொன்னேன்.

"பழகிப்போனால் நீங்கள்தான் பொறுப்பு, தம்பி."

"ஓம்," என்றேன். அவர் திறப்பை நீட்டினார்.

மருந்தைக் குடித்துச் சற்றுப் பொறுத்து நீர் சுவரின் முன் நின்றீர். நோவு போய்விடவில்லை, பல்லைக் கடித்துச் சமாளிக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. விரல்கள் மெல்ல மெல்ல மேலே நகர்ந்தன.

"பல்லி ஏறுது பார் அக்கா. இனி நல்ல சகுனந்தான்."

அக்காவும் சிரித்துவிட்டார். வேர்த்து வழிய ஒவ்வொரு நாளும் ஏறினீர். மருந்து குறைந்து குறைந்து நின்றும் போனது. மாரி தொடங்குமுன் உமது கொண்டையை நீரே முடிந்தீர். கோணலாக இருந்தது. திருத்த வந்த அக்காவைக் கிட்ட விடவில்லை.

சில வருடங்களின் பின் நோய் முதுகெலும்பில் திரும்பி வந்தபோது, நோவு முற்றும்வரை நான் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே போய் டாக்டரம்மாவின் வாசலில் நின்றேன். கடைசிவரை உமக்கு மருந்து கிடைத்தது. நீர் போன பிறகு, நம் மகளின் ஆபரேஷனுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கால் முறிந்து கிடந்தபோதும் அப்படியே போனேன். "தாங்கட்டும்" என்று யாராவது சொன்னால் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. வைத்தியர்களின் முன் இன்றும் என் குரல் நடுங்குகிறது. நடுங்கிய குரலிலேயே கேட்டுவிடுகிறேன்.