நான் சொல்லாததை எழுதியவருக்கு

தம்பி,

நூலகத்து மேசைக்குப் புதிதாக வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். கொப்பியை விரித்ததும் அந்த மணம் ஏறியது. உங்கள் விருதுப் பலகையிலும் இதே மணம்தான். போன மாதம் பாண்டிருப்பில் உங்கள் வீட்டில் அதை என் மடியில் வைத்தார்கள்.

உங்கள் மகள், "வாசிங்க பெரியப்பா" என்றாள். முதலில் உங்கள் பெயரை வாசித்தேன். பிறகு கீழே இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசித்தேன். 'பிரதேச வரலாறு, சிறந்த நூல்.' அவள் கை தட்டினாள். நான் அழுதுவிட்டேன். மாகாணம் முழுவதும் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! வயலையும் வாய்க்காலையும் பற்றி நீங்கள் எழுதியதை எடுத்து, இதுதான் சிறந்தது என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆம் தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியும். எழுதவும் தெரியும். இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. பரவாயில்லை, எனக்கு வேறு வேலை இல்லை. நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போனால் ஒரு பலகையையும் விடுவதில்லை. மருந்துக்கடை, தையல்கடை, 'இங்கே குப்பை போடாதே', எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் பார்க்கிறார்கள். "எழுபது வயசில ஆனா ஆவன்னா படிச்சி, அரசாங்கக் கச்சேரியில உத்தியோகம் பாக்கப் போறீங்களா?" என்கிறாள் உங்கள் மதினி.

நீங்கள் இருந்தவரை எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. கத்தாரிலிருந்து மகன் எழுதிய கடிதங்களை நீங்களே கொண்டுவந்து, நீங்களே வாசித்து, பதிலையும் நீங்களே எழுதினீர்கள். தபால் வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் சைக்கிள் எங்கள் வாசலுக்கு வருவது நிற்கவில்லை. பையில் கடிதத்துக்குப் பதிலாகக் கொப்பி இருந்தது. எங்கள் ஊர் முறைப்படி அண்ணன் என்பதற்கு என்னைக் காக்கா என்பீர்கள். "காக்கா, உங்கட வட்டைக்குத் தண்ணி கொண்டாற வாய்க்கால ஆரு வெட்டினது?" என்று கேட்டீர்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தீர்கள்.

அந்தப் பேனாதான் என்னைக் கெடுத்தது. என் வாழ்நாளில் நான் சொல்வதை எழுத யாரும் பேனாவைத் திறந்ததில்லை. முப்பது வருடம் அந்த வயல்வட்டையில் முல்லைக்காரனாக இருந்து, ஆட்களைக் கூட்டி வேளாண்மை செய்தவன் நான். நிலத்துக்குச் சொந்தக்காரரான போடியாரின் பெயர் காணி உறுதியில் இருக்கும். என் பெயரோ, வாப்பாவின் பெயரோ எந்தக் கடதாசியிலும் இல்லை. "எங்கட மூத்தவாப்பாதான் வெட்டினவர்" என்று வாப்பாவின் வாப்பாவைச் சொன்னேன். தனியாளாக மண்வெட்டியோடு இறங்கினார் என்றேன். மூன்று வருடம் வெட்டினார் என்றேன். நீங்கள் அத்தனையையும் எழுதிக்கொண்டீர்கள்.

அது பொய். வெட்டியவர் காரைதீவுக்காரர் என்று வாப்பா எனக்குச் சொல்லியிருந்தார்.

பிறகு அந்தப் போகம் விதைப்புக்கு முன்னால் வட்டைக் கந்தூரிக்கு உங்களை நான்தான் கூப்பிட்டேன். கிடாய் அறுத்து, பாத்திஹா ஓதி, பெரிய சகன் தட்டுகளில் சோறு வைக்கத் தயாராகிவிட்டார்கள். ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. நான் ஓலைப்பெட்டியில் பச்சையரிசி அளந்து, இரண்டு தேங்காயும் ஒரு பூசணிக்காயும் வைத்து, சைக்கிளில் கட்டினேன். நீங்கள் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"இது ஆருக்குக் காக்கா?"

"காரைதீவில ஒரு வீட்டுக்கு. அங்க போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்க சாப்பாடு."

"ஏன் அப்பிடி?"

"வழமை தம்பி. வழமைக்கு என்ன ஏன்?"

நீங்கள் சிரித்தீர்கள். "நானும் வாறன்" என்று உங்கள் சைக்கிளை எடுத்தீர்கள். அந்த வீட்டு மனிதர் வாசலுக்கு வந்து, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, வருடாவருடம் கேட்பதைக் கேட்டார்: "தண்ணி வந்திட்டா?" நானும் வருடாவருடம் சொல்வதைச் சொன்னேன்: "உங்கட புண்ணியத்தில வந்திட்டு."

யோசித்துப் பாருங்கள். வெட்டியவர் எங்கள் மூத்தவாப்பா என்று உங்களிடம் சொன்ன அதே நான், உங்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெட்டியவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனேன். சின்ன வயதிலிருந்து கொண்டுபோய்க் கொண்டுபோய், கை அதைத் தானாகச் செய்தது. வாய் சொன்ன பொய் கைக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது நீங்கள் வாய்க்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழை பிந்துகிறது என்று கதைத்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றே நான் நினைத்தேன்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று முதல் பிரதிகளில் ஒன்றை என்னிடம் தந்தீர்கள். "வாய்க்கால் பக்கத்த வாசிக்கட்டா காக்கா?" என்று கேட்டீர்கள். என் பொய்யை உங்கள் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "மறுகா பாப்பம்" என்றேன். நீங்கள் இன்னும் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டு தடவையும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து போனேன். பிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

நீங்கள் போன பிறகுதான் நூலகத்து முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல எனக்கு வெட்கம். எழுத்துக் கூட்ட வந்த பிறகும் பலகை பலகையாக வாசித்தேனே தவிர, அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

விருதைக் காட்டிய அன்று உங்கள் மகள் சொன்னாள்: "பெரியப்பா, நடுவர்மார் வாய்க்கால் அத்தியாயத்தைத்தான் கூடப் புகழ்ந்திருக்கினம். ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம். அதைப் பற்றி நீங்கதான் கதைக்கோணும்."

என் பொய்க்கா விருது? நாளைக்கு யாராவது அதைக் கண்டுபிடித்தால் உங்கள் பெயரல்லவா கெடும்? காரைதீவு வீட்டு மனிதரும் கூட்டத்துக்கு வருவார். அவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் போயிற்று. நீங்கள் எழுதியிருந்தது இது:

'வாய்க்காலை வெட்டியவர் காரைதீவைச் சேர்ந்தவர். வெள்ளத்தில் கரை உடைந்தபோதெல்லாம் இறங்கிக் கட்டி, சாகும்வரை அதைக் காத்தவர் நிந்தவூரைச் சேர்ந்தவர். காத்தவரின் வீட்டார் வெட்டியவரின் வீட்டுக்கு இன்றும் கந்தூரிக்கு முன் அரிசி கொண்டுபோகிறார்கள். இந்த உண்மையை எனக்குச் சொன்னவர் காத்தவரின் பேரன்.'

அதற்குக் கீழே என் பெயர். என் சொந்தப் பெயர், அச்செழுத்தில். நான் கூட்டிக் கூட்டி வாசித்த முதல் புத்தகத்தில்.

தம்பி, மூத்தவாப்பா கரை கட்டியதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை. அதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. உங்கள் மகளிடம் கேட்டேன். "அப்பா அந்த ஒரு பக்கத்துக்காக ஒரு போகம் முழுக்க வீடு வீடா அலைஞ்சவர்" என்றாள். என்ன மனிதர் நீங்கள்! என் பொய்யை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் என் மூத்தவாப்பாவின் உண்மையான வேலையைத் தேடிக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். பொய்யை விட அது எவ்வளவு பெரியது! அதை வாசித்துக் காட்டத்தானே மூன்று தடவை கேட்டீர்கள். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறினேன். காரைதீவு மனிதர் இரண்டாவது வரிசையில் இருந்தார். ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னேன்: "இந்தப் புத்தகத்தில ஒரு பிழை இரிக்கு."

உங்கள் மகள் முகம் வெளுத்துப் போனாள்.

"நான் உண்மை சொன்னன் எண்டு எழுதியிரிக்கு. நான் சொல்லல்ல. வாய்க்கால் எங்கட மூத்தவாப்பா வெட்டினது எண்டு பொய்தான் சொன்னன். வெட்டினது இந்தா, இவங்கட ஆள். தம்பி தானாத் தேடிக் கண்டுபிடிச்சி, நான் சொன்னதா எழுதிட்டுப் போயிட்டாரு."

காரைதீவு மனிதர் எழுந்து நின்றார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"காக்கா, இப்ப சொல்லிட்டீங்கதானே? பிறகென்ன, புத்தகத்தில ஒரு பிழையும் இல்ல. இறங்கி வாங்க, தேத்தண்ணி ஆறுது."

மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் இறங்கக் கால் வரவில்லை.

அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் இன்னும் சொல்லாத உண்மையைச் சொன்னதாக நீங்கள் எழுதிவைத்தீர்கள். ஒருநாள் சொல்வேன் என்று நம்பினீர்களா, தெரியாது. நான் காப்பாற்ற வேண்டிய ஒரு அமானிதத்தை என் பெயரில் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இப்போது யார் என்னிடம் பழைய கதை கேட்டாலும், வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கத்தின் கடைசி வரியை மனதுக்குள் ஒருமுறை வாசித்துக்கொள்கிறேன். அந்த வரியில் உள்ள ஆளாகத்தான் நான் இனி கதைக்க வேண்டும்.