செல்வியின் வாளி

2007 ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவுவதற்காகத் தோட்டத்துத் துரைமார் இன்று கோல்ஃப் ஆடினார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். என் மகள் செல்வி வாளி இல்லாமல் எங்கும் வரமாட்டாள். ரப்பர் மலையில் என்னோடு, மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கிப் பழகியவள், புல்லில் வெள்ளையாகக் கிடந்த பந்துகளையும் பொறுக்கி வாளியில் போட ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடினேன்.

"மன்னிச்சுக்கங்க தொரை" என்று அவளை இழுத்தேன்.

"விடுங்கம்மா. அவ வேலைய முடிக்கட்டும், நான் நிக்கிறேன்" என்றார் கொழும்பிலிருந்து வந்த துரை. மட்டையை ஊன்றி அப்படியே நின்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

செல்விக்கு ஏழு வயது. இதுவரை யாரும் அவளுக்காக நின்றதில்லை. நானும்தான்.

நாளைக்கு மலையில், அவள் பொறுக்கி முடிக்கும்வரை நிற்பேன். வேலை சுணங்குதென்று கங்காணி கத்தினால் கத்தட்டும்.