முட்டிக்கு இன்னும் தெரியல

இன்று காலை மகளின் காலில் மருந்தெண்ணெய் தேய்த்தபோது, உன் முட்டியில் எப்போதும் வீசிய அந்த வாடையோடு நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய், நண்பா. அவளுடைய வலது முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. "எங்கடா விழுந்த?" என்றேன். "விழலப்பா, எழுந்ததுமே இப்படித்தான் இருக்கு." என் கை நின்றுவிட்டது. இந்த முட்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

தேயிலை மலைக்கு மேலே ஓடையில் ரப்பர் குழாய் செருகியிருப்போமே, அதில் குடிக்க அன்று நீ தயங்கினாய். "மேல காய்கறித் தோட்டத்துல கோழி எரு கொட்டுறாங்கடா." ஆறாம் ஆண்டோடு படிப்பை முடித்த விஞ்ஞானி நான் விடுவேனா? "மலைத் தண்ணிலா மச்சான், ஐஸ் மாதிரி சுத்தம். குடி!"

இருவருக்கும் வயிற்றால் போனது. மூன்றே நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. உனக்கும் நின்றது, ஆனால் சில வாரத்தில் முட்டி வீங்கிவிட்டது. மேடு ஏற முடியாமல் நீ எம்.சி. என்கிற கிளினிக் விடுப்புச் சீட்டோடு வந்தபோது, கங்காணி காதில் விழும்படி "எம்.சி. ராஜா வர்றாரு, வழி விடுங்க!" என்று கத்தியவன் நான்தான். நீ சிரித்தாய். "வயிறு ஆறிடுச்சுடா. முட்டிக்குத்தான் இன்னும் தெரியல."

போன வருடம் நீ கண்ணை மூடும்வரை அதற்குத் தெரியவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் மழையில் எங்கள் லயத்து வீடுகளின் குழாய் அடைத்துக்கொண்டது. அதே ஓடைத் தண்ணீரைத்தான் பிடித்து வந்தேன். கேஸ் தீரப்போகிறதே என்று, கொதிக்கும் முன்பே அடுப்பை அணைத்த கெட்டிக்காரனும் நான்தான். மகளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. நின்றதும் மறந்துவிட்டேன்.

கிளினிக்கில் டாக்டரம்மா, "விளையாடி அடிபட்டுச்சா அங்கிள்?" என்றார். "இல்ல டாக்டர். வயிறு ஆறிடுச்சு, முட்டிக்குத்தான் இன்னும் தெரியல" என்று உன் வாக்கியத்தை அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வயித்துப்போக்கு எப்ப வந்துச்சு?"

சொன்னேன். தண்ணீரையும் சொன்னேன்.

"கிருமி போனதுக்கு அப்புறமும் சிலருக்கு மூட்டுலயும் கண்ணுலயும் இப்படி வரும். ரத்தம் பாத்துருவோம். முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல சரியாயிரும். சிலருக்கு இழுக்கும்."

"இவளுக்கு?"

"இப்பவே சொல்ல முடியாது அங்கிள்."

அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு எம்.சி. கொடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்; கனத்தது.

லயத்துப் படியில் அவள் என் கையை உதறினாள். "நானே ஏறுவேன்ப்பா." ஒரு படி, ஒரு நிறுத்தம். உனக்காக ஒருநாளும் நின்றிராத நான், அவள் பின்னால் படிப்படியாய் நின்று நின்று ஏறினேன்.