எல்லைக்கல்லில் ஒரு கொக்கு

திருமுல்லைவாயில்,
12.11.1994

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் இருமல் விட்டதா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக, நிலத்தைக் கெடுக்காமல் பயன்படுத்துவது பற்றி ஒரு பாடம் வகுக்கிறோம். தாவரவியலும் புவியியலும் என் பொருளாதாரமும் சேர்ந்த பாடம். பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று பார்க்க, நேற்று மழை விட்டதும் ஏரிப்பக்கம் போனோம். சித்திரையில் நாம் பார்த்து முன்பணம் கொடுத்த மனையில் முழங்கால் தண்ணீர். எல்லைக்கல்லின்மேல் ஒரு கொக்கு.

"ஏரிக்குள்ள கல்லு நட்டுகீறான் பாருங்க மேடம். இத்தப் போயி யாரு வாங்கனாங்களோ!" என்று தாவரவியல் கோவிந்தன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

'ஒரே நிலத்தைக் கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை பார்' என்பதையே முதல் பயிற்சியாக எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பாப்பாவின் கால் அளவை நூலில் எடுத்து அனுப்புங்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் தீர்ந்துவிட்டது.

தபால் எடுக்க ஆள் வரும் நேரம். ஒன்று மட்டும்: வீடு கட்டியபிறகு வருவதாகச் சொன்னீர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாடகை அறையில் மூன்று பேர் படுக்கலாம். பாய் விரித்துப் பார்த்துவிட்டேன்.

ஞானகுமாரி