நீ சொன்ன இரண்டு நாள் வலி

என் செல்லச் செலின்,

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்! முந்தாநாள் காலை பத்து மணிக்கு. மூன்றேகால் கிலோ. மூக்கு அப்படியே உன்னுடையது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆனால் அதற்கு முன் எங்களை என்ன பாடு படுத்திவிட்டாய் நீ! ஆமாம், நீதான். போய்ச்சேர்ந்து நான்கு வருஷமாகியும் உன் வாய் அடங்கவில்லை.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே? நீ இல்லாததால், உன் மகள் ஜெனியை ஏழாம் மாதமே மணவாளக்குறிச்சிக்கு, நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். டாக்டர் குறித்த தேதி வந்தது, போனது. அதன் பிறகும் ஒன்பது நாள். தெருவில் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "இன்னும் பெறல்லியா மக்கா?" கடைசியில் அவள் வாசல் பக்கமே வருவதை விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பனிக்குடத் தண்ணி குறையுது. இனியும் காத்திருந்தா பிள்ளைக்கு நல்லதில்ல. கர்ப்பப்பை வாய் இறுக்கமாவே இருக்கு. ஒரு ஜெல் வச்சா அது இளகும், பிறகு வலி வரும்."

ஜெனி பயந்துபோய்க் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து வச்சு வலி வரவைக்க வேண்டாம் மாமி. எனக்குப் பேடியா இருக்கு. என்னைப் பெற அம்மைக்கு மருந்து ஏத்தி, ரெண்டு நாளு உசிரு போய் உசிரு வந்துச்சுல்லா?"

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கதையை எத்தனை ஞானஸ்நான விருந்துகளில் சொல்லியிருப்பாய்! வருஷத்துக்கு வருஷம் வலியின் நேரம் கூடிக்கொண்டே போனது. நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம், அவ்வளவு நன்றாகச் சொல்வாய். உன் மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நம்மில் யாராவது நினைத்தோமா?

செத்தவர்களைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். "மக்கா, உங்கம்மை சொன்னதுல பாதி புளுகு. நான் கூடவே இருந்தவ. காலையில டிரிப்புல மருந்து ஏத்தினாவ, சாயங்காலம் நீ பொறந்தாச்சு. வலி உண்டு, இல்லேன்னு சொல்லமாட்டேன். அலறினா. ஆனா வலி விட்ட நேரத்துல, 'மைனி, நெத்திலி பொரிச்சு வச்சிருக்கியளா?'ன்னு கேட்டா."

ஜெனி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு டாக்டரம்மாவிடம், "ஜெல் வச்சா ஆபரேஷன்லதான் முடியுமா?" என்று கேட்டாள்.

"அப்படியில்ல. பிள்ளையோட துடிப்பைப் பாத்துட்டே இருப்போம். ஆபரேஷன் தேவைப்பட்டா மறைக்காம சொல்லுவேன்."

ஜெல் வைக்கச் சம்மதித்து அவளே கையெழுத்துப் போட்டாள்.

முதல் ஜெல்லுக்கு ஒன்றும் அசையவில்லை. "மாமி, மருந்து பழசா இருக்குமோ?" என்று என்னிடம் கிண்டலாகக் கேட்டாள். சாயங்காலம் இரண்டாவது வைத்த பிறகு வலி பிடித்தது. மறுநாள் காலையில் பிரசவ அறையில் அவள் பக்கத்தில் நிற்க என்னை விட்டார்கள். கடைசி வலியில் அவள் என்னைக் கூப்பிடவில்லை.

"அம்மே! அம்மே!" என்றாள்.

நீ பதில் சொல்வாய் என்று ஒரு நொடி காத்திருந்தேன், தெரியுமா? பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மக்கா, இங்கதான நிக்கேன்" என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த முக்கலில் குழந்தை வந்துவிட்டது. உனக்குக் கோபமா, செலின்?

கோபமென்றாலும் கேட்டுக்கொள். நான் உயிரோடிருக்கும் வரை, அவள் அப்படிக் கூப்பிட்டால் பதில் வராமல் இருக்காது. இது சத்தியம்.

உன் அண்ணன் பெண்டாட்டி,
உன் மைனி ரோஸ்லின்