நான் கட்டிய பாலத்துக்குப் பக்கத்துப் பாலம்

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கத்திரி இன்னும் பிறக்கவில்லை. செய்ய வேண்டியவை: வண்டிக்குக் காற்று, பாப்பாவுக்கு முடிவெட்டு, மாமனாருக்கு மாத்திரை. காற்று மட்டும் ஆனது.

பாப்பா நச்சரித்ததால் அவளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு. அவள் அம்மா கோகிலா வரவில்லை. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் பேசுவதற்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். பழைய இரும்புப் பாலத்தைக் காப்பாற்றிய பேராசிரியை அல்லவா. முக்கோணம் முக்கோணமாகச் சட்டம் கோத்த பாலம். இடித்து எடைக்குப் போட இருந்ததை, ஒவ்வொரு சட்டமாகச் சோதித்து, இற்றுப்போனதை மாற்றி, இனி நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டாள்.

கொஞ்சம் தள்ளி நிற்கும் கான்கிரீட் பாலம் என்னுடையது. நெடுஞ்சாலைத் துறைக்காக வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து கட்டியது. லாரி, சத்தி போகிற பஸ், கரும்பு டிராக்டர் எல்லாம் அதன்மேல்தான். ஒரு ஆள்கூட அதைப் போட்டோ எடுத்ததில்லை.

இன்றும் பழைய பாலத்தில் ஒரு கல்யாண ஜோடி. போட்டோக்காரர் என்னிடம், "ஏனுங்க, கொஞ்சம் அப்படித் தள்ளிக்குங்க. அந்தச் சிமெண்ட் பாலம் படத்துல உழுகாம எடுக்கோணும்."

தள்ளிக்கொண்டேன்.

அங்கே நின்றபோதுதான் கண்ணில் பட்டது. கிழக்கு முனை. இரும்புக்கும் கரையின் கல்சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வெயிலில் இரும்பு நீளும். அந்த முனையை உருளைகள்மேல் உட்கார வைத்திருப்பதே அதற்குத்தான். இடைவெளியைச் சிமெண்டால் அடைத்து, மட்டம் பார்த்து, வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். கலெக்டர் வருகிறாரே, பொக்கை தெரியக் கூடாது என்று கொத்தனார் செய்த அலங்காரம். வேலை சுத்தம் வேறு.

பாப்பாவை அதன் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ. குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கோ. ஒரு இதயம் அனுப்பினாள்.

வீட்டில் சிமெண்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவளே பார்க்கட்டும். பேராசிரியை.

ஏப்ரல் 21, திங்கள்

வெயில். பேப்பரில் கோ.வின் படம், பாலத்துச் சட்டத்தில் சாய்ந்தபடி. டீக்கடைக்காரர் அதை விரித்து வைத்துக்கொண்டு, "சார், இது உங்க ஊட்டு அம்மணிங்களா? பெரிய ஆளுங்க!" என்னை அப்படிச் சொன்னதில்லை. அவர் கடைக்குப் பால் வருவது என் பாலத்தில்.

பொறாமைதான். இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். பெண்டாட்டிமேல் பொறாமை. அந்த இரும்புச் சாமான்மேல் அதைவிட. சாப்பிடும்போது அதன் ரிவிட் ஆணியைப் பற்றிப் பேசுகிறாள், கண் விரிய. பழுக்கக் காய்ச்சி அடித்து இறக்கினால் ஆறும்போது தானாக இறுகிக்கொள்ளுமாம். நானும் அதே பாடம் படித்தவன்தான். என் பாலத்தைப் பற்றி இதுவரை ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறாள்: "வழவழன்னு இருக்குதுங்க, பஸ்ஸுல தூக்கமே வந்துருச்சு."

சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

ஏப்ரல் 22, செவ்வாய்

தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. இந்த வெயிலுக்கு அந்த இரும்பு எவ்வளவு நீளும் என்று பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஒரு விரல் தடிமன். மறுபடி போட்டேன். அதேதான்.

விழாவில் எல்லோர் முன்னாலும் யாராவது அந்தப் பூச்சைச் சுட்டிக்காட்டினால் அவள் முகம் எப்படிப் போகும் என்றும் நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்புறம் நன்றாக இல்லை.

சாயங்காலம் வாயெடுத்தேன். "கோகிலா, கிழக்கு முனைப் பக்கம் போனியா?"

"எங்கீங்க நேரம்? நாளைக்குத்தான் போகோணும். ஏனுங்க?"

"சும்மாதான்."

தேங்காய்ச் சட்னியில் உப்பு அதிகம். அதை மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 23, புதன்

காலையில் கோ. போன். குரல் உடைந்து. "கிழக்கு முனைச் சந்துல சிமெண்ட் வெச்சு அடைச்சுப்போட்டாங்க. செவுரு விட்டுருச்சுங்க."

ஓடினேன். கல்சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். நகம் நுழைகிறது. நீள இடமில்லாமல் இரும்பு சுவரைத் தள்ளியிருக்கிறது. எத்தனையோ வெள்ளத்துக்கு அசையாத சுவர்.

கோட்டப் பொறியாளர் வந்தார். விழா ரத்து. சுவரைச் சரிசெய்யும்வரை பாலத்துக்குப் பூட்டு. மறுபடி இடிக்கிற பேச்சு வந்தாலும் வரும் என்றார். கொத்தனார் அழாத குறை. "அழகா இருக்கட்டும்னுதானுங்க சார் பண்ணுனேன்."

"இத்தனை பேர் வந்துபோறீங்க, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?" என்றார் பொறியாளர்.

கோ.தான் பதில் சொன்னாள். "என் தப்புங்க சார். நான் பாத்திருக்கோணும்."

நான் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உளி வாங்கி நானே பூச்சை உடைத்தேன். கையில் கொப்புளம். "நீங்க எதுக்குங்க இதெல்லாம்?" என்று தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் முழுக்க போனில் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். பூச்சு என்றைக்கு வைத்தது, விரிசல் என்றைக்கு விட்டது என்று அறிக்கையில் எழுத வேண்டுமாம்.

ஏப்ரல் 24, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. விழாவுக்கு இறக்கிய நாற்காலிகள் லாரியில் திரும்பிப் போயின, என் பாலத்தின் வழியாக.

காப்பியை வைத்துவிட்டுக் கோ. போனை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த பாப்பா படம். பாப்பாவின் தோளுக்குப் பின்னால் இருப்பதைப் பெரிதாக்கியிருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குரல்கூட உயரவில்லை.

"பாருங்க. அன்னைக்கே சிமெண்ட் இருக்குது. விரிசல் இன்னும் இல்லைங்க."