உன் சைக்கிள் இப்போது போகிற வழி

சேசு மரி சூசை துணை

திண்டிவனம் தாலுகா
தை மாதம், 1944

அன்பு மகன் சின்னப்பனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்தைப் பார்த்து நீ முகம் சுளிக்கக் கூடாது. கோடு போட்ட காகிதம்தான் வாங்கினேன், ஆனாலும் எழுத்தெல்லாம் புதுசாக ஏரில் பூட்டின கன்றுகள் போல ஒன்று வரப்புமேல் ஏறுகிறது, ஒன்று சேற்றில் இறங்குகிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் விரல் மரத்துப்போய் இரண்டு தரம் உதறிக்கொண்டேன். இருந்தாலும் இது முழுக்க என் கையால் எழுதுவது. இதற்கு முன்னால் உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி ஜெயம் எழுதினவை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி இப்போது அவளைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டேன். அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் மூன்று பேரும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். பெயர் தெரியாத அந்தச் சீமையில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கும். அவளுக்கு மார்கழிப் பனியில் வந்த இருமல் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. மழை நல்ல மழை, பெரிய ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து இப்போதுதான் நின்றது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம், அதனால் பகலிலேயே எழுதுகிறேன். பட்டாளத்துக் கடிதத்தை ஒரு ஆபீசர் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று தபால்காரர் சொன்னார். அந்த ஆபீசருக்கும் என் வந்தனம். ஐயா, இதில் ஏரி, மலை, ரோடு என்று நிறைய வரும், எதிரிக்கு வழி சொல்கிறேன் என்று நினைத்துக் கறுப்பு மை பூசிவிடாதீர்கள், இது ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடம் போகிற வழி.

மகனே, நீ போகும்போது சைக்கிளை யாரும் தொடக் கூடாது என்று சொன்னாய். நானும் சாக்குச் சுற்றி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் பூசைக்குப் போய்வந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமுக்கல் மலையடியில் இருக்கிற நம் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலியாகி, பங்குச் சாமியார் ஜெயத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவள் படித்த படிப்புக்கு இங்கே மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கும் மனசில் இருந்தது. சாமியார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று, காலை மணி அடிக்கும்போது டீச்சர் வாசலில் நிற்க வேண்டும். நடந்து போனால் அது ஆகாது, பஸ்ஸோ பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடுகிறது, வந்தால் வந்தது. அன்றைக்கு ஜெயம் உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, "மாமா, அவுரு வர்ற வரைக்கும் இப்பிடியே தொங்கிக்கினு இருந்தா டயரு தானா மக்கிப் பூடும், அதுக்கு நான் ஓட்டியே தேய்ச்சிடறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைக் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் நீ சொல்ல வேண்டியதை உனக்குப் பதிலாக நான் சொன்னேன், இறக்கிக்கொள் என்று. கோபம் இருந்தால் அதை என்மேல் வை. அவள் கன்னியர் மடத்தில் படிக்கும்போதே ஓட்டப் பழகினவள். நடுவில் பார் இருக்கிற வண்டியாயிற்றே என்று நான் பயந்தேன், அவள் நாற்று நடப் போகிறவள் போலப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டாள். உன் அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு தானே விளக்கெண்ணெய் கொண்டுவந்து செயினில் விட்டாள்.

இனிமேல்தான் வழி. நம் சேரியிலிருந்து பெருமுக்கல்லுக்கு நல்ல வழி எது என்று உனக்கே தெரியும். ஜல்லி போட்ட கப்பி ரோடு நேராகப் போகிறது, முள் கிடையாது, ஆனால் நடுவில் அந்த ஊர்த் தெரு இருக்கிறது. நம் ஆட்கள் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். என் பாட்டன் காலத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், இப்போது சைக்கிள். உனக்கு இறங்க மனசு வராமல் ஏரிக்கரை மேலேயே சுற்றிப் போவாயே, ஞாபகம் இருக்கிறதா. ஜெயமும் உன் வழியிலேயே போகிறேன் என்றாள். தனியாக அனுப்ப மனசில்லாமல் வழி காட்டுகிறேன் என்று நான் கேரியரில் உட்கார்ந்துகொண்டேன். மருமகள் மிதிக்க மாமனார் பின்னால் உட்கார்ந்து போவதை நம் சனங்கள் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. இந்தக் கரைமேல் எத்தனை தரம் மண் சுமந்திருக்கிறேன், சுமை இல்லாமல் போனது அதுதான் முதல் தரம். ஒரு பக்கம் தண்ணீர் ததும்பி நிற்கிறது, அதில் நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன, இன்னொரு பக்கம் பயிர் பச்சை. பின்னால் திரும்பினால் தூரத்தில் மயிலம் குன்று, முன்னால் பெருமுக்கல் மலை. மதகு வரைக்கும் நல்ல இறக்கம், அவள் மிதிக்கக்கூட இல்லை, வண்டி தானே ஓடியது. கரையை விட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது, சின்ன ஏரியைச் சுற்றி மலைக்கு அந்தண்டைப் பக்கமாகப் போவது. பார்க்க அழகான வழிதான், ஆனால் அதில் போனால் மதியச் சாப்பாட்டு மணிக்குத்தான் போய்ச் சேரலாம்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். நீ கரையில் போன காலத்தில் டயர் கிடைத்தது. இப்போது சண்டையால் ரப்பர் வருவதில்லை, திண்டிவனத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் கையை விரிக்கிறார்கள். கரை முழுக்கக் கருவேல முள். கலங்கலுக்கு முன்னால் முன் டயர் பட்டென்று வெடித்து இரண்டு பேரும் சரிவில் உருண்டோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்குக் கணுக்கால் பிசகி ஊன்ற முடியவில்லை. அன்றைக்குத்தான் சாமியார் பள்ளிக்கூடத்தில் வந்து காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்றேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்பறதா, குந்துங்க மாமா" என்று என்னைக் கேரியரில் ஏற்றி, கரையை விட்டு இறக்கி, அந்த ஊர்த் தெரு வழியாகவே தள்ளிக்கொண்டு நடந்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், காதில் வாங்கவில்லை. தெருமுனையில் நான் இறங்கப் பார்த்தேன், கால் கேட்கவில்லை. சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியாயே சொல்ல ஆரம்பித்தேன்.

பாதித் தெருவில் கோதண்டபாணி எதிரே வந்தார். நாம் அறுப்புக்குப் போகிற நிலம் அவருடையதுதானே. என்னைப் பார்த்து, "இன்னாடா சவுரி, சாமி ஊர்வலமா? ஊர்த் தெருவுல ஏறிக் குந்திக்கினு வர்ற, எறங்குடா கீழே" என்றார். ஜெயம் வண்டியை நிறுத்தி, குரலை உயர்த்தாமல், "ஓட்டறவங்க எறங்கணும்னுதாங்க சொல்லுவாங்க, நான் எறங்கித் தள்ளிக்கினுதாங்க வர்றேன். மாமா ஓட்டலீங்க, கால் பிசகி மூட்டையாட்டம் குந்திக்கினு வர்றாரு" என்றாள். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பாஞ்சாலி அம்மாள், அவருக்குச் சித்தி முறை, "எறங்குன்ன, எறங்கிட்டா. இன்னும் கெயவனத் தோள்ல தூக்கிக்கினு போவச் சொல்றியா?" என்று கேட்க, கிணற்றடியில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் ஓரமாக நகர்ந்தார். ஜெயம் தள்ளிக்கொண்டு நடந்தாள். மகனே, அந்தத் தெருவில் நான் பிறந்ததிலிருந்து நடந்திருக்கிறேன், தரையைத்தான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் அன்றைக்குத்தான் தெரிந்தது, கோடி வீட்டுச் சுவருக்கு உள்ளே ஒரு கொய்யா மரம் இருக்கிறது, நிறையக் காய்த்திருக்கிறது. தெரு முடிந்து ரோட்டில் மைல்கல் வந்தது. நான் எழுத்துக் கூட்டி, பெருமுக்கல் என்று உரக்கப் படித்தேன். அவள் அப்போதுதான் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வியர்வை என்றாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது மணி அடித்து முடிந்திருந்தது. சாமியார் நடந்ததைக் கேட்டு என் காலுக்கு எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு, வருகிற திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார். ஆனால் மணி மணிதான் என்றார். டயரின் கிழிசலுக்கு உள்ளே கான்வாஸ் துண்டு வைத்துத் தைத்திருக்கிறோம், கப்பி ரோட்டுக்குத் தாங்கும், கரைக்குத் தாங்காது. அதனால் ஊர்த் தெருதான் வழி. தெரு நீளம் முழுக்க இறங்கித் தள்ளினால் மணி தவறும், ஏறியே போனால் மணிக்கு நிற்கலாம். உன் அம்மா, எதற்கு வம்பு, சீக்கிரம் புறப்பட்டு இறங்கியே போகட்டும் என்கிறாள். மல்லாட்டை பிடுங்க நம்மைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. நேற்று கோல் ஊன்றிக்கொண்டு போகையில் கோதண்டபாணி எதிர்ப்பட்டார். வாய்க்காலில் இறங்கி ஒதுங்கினேன். "காலு எப்பிடி கீது?" என்றார். பரவாயில்லீங்க என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஜெயத்திடம் சொன்னேன். "சைக்கிளப் பத்தி எதுவும் கேக்கலியா?" என்றாள். இல்லை என்றேன். அவள் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். இறங்கு என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை, இறங்காதே என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் உன் மனசுக்கு என்ன படுகிறதோ அதைச் செய், எது செய்தாலும் இந்த வீடு உன் பக்கம் என்று மட்டும் சொன்னேன். நீ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

குளிரில் மேல்சட்டை இல்லாமல் வெளியே போகாதே. கிடைக்கிற தண்ணீரையெல்லாம் குடிக்காதே. அங்கே பட்டாளத்தில் பழைய டியூப், டயர் கழித்துப் போட்டால் கேட்டுப் பார், கொடுத்தால் வாங்கு, கேட்காமல் எடுத்து வராதே. பதில் எழுதும்போது பெரிய எழுத்தாக, விட்டு விட்டு எழுது, நானே படிக்க வேண்டும். ஜெயத்தைப் படிக்கச் சொன்னால் அவளை நீ மெச்சி எழுதுகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுப் படிப்பாள். உன் அம்மா உன் நெற்றியில் சிலுவை போடுவதாக எழுதச் சொல்கிறாள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், முழு உடம்போடு நீ இந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும், உன் சைக்கிள் உனக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை நான் கேரியரில் உட்கார மாட்டேன். விடிந்ததும் கோல் ஊன்றி நடந்து, அந்தத் தெரு முடிகிற இடத்தில் மைல்கல் பக்கத்தில் போய் நிற்பேன். அவள் நடந்து வருகிறாளா, ஏறி வருகிறாளா என்று கண்ணால் பார்த்து, அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தன் பெயரைத் தானே எழுதும்
உன் அப்பா
சவுரிராயன்